கம்பியில் பதினோரு குருவி

"கோடை முடிஞ்சதும் குருவிங்க எல்லாம் சொல்லாம கொள்ளாம போயிடுச்சுடி," என்றார் கணவர். மூன்று நாளாக ஜன்னலோரம் உட்கார்ந்து அதே புலம்பல். டீ ஆறிப் போயிருந்தது.

"குருவிதானே? தோட்டத்து மரத்துல எங்கயாவது இருக்கும். முதல்ல அந்தப் பழைய கண்ணாடியை மாத்துங்க," என்றாள் மனைவி.

"என் கண்ணுக்கு என்னடி குறைச்சல்? இதுங்க மரத்துக்கே போகாது. கொடிக் கம்பியிலதான் உட்காரும். மொத்தம் பதினொண்ணு, ஒண்ணு மட்டும் சிவப்பு. மத்த குருவிங்க மாதிரி கத்தாது. என்னை மாதிரி அமைதி. மணிக்கணக்கா அசையாது."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அழுகிறாள் என்று நினைத்து அவருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவர் போட்ட கூச்சலில் வீடே அதிர்ந்தது.

"வந்துடுச்சுடி! பன்னிரண்டு! குஞ்சு வேற பொரிச்சிருக்கு!"

"அப்படியாங்க! இப்பவாவது டீயைக் குடிங்க," என்றாள் மனைவி.

மழைக்குப் பயந்து அவள் உள்ளே எடுத்து வைத்திருந்த துணிக் கிளிப் டப்பா காலியாக இருந்தது. குஞ்சு மட்டும் சர்க்கரைப் பொட்டலத்தில் மாட்டியிருந்த சின்னக் கிளிப்.