அம்மைக் கொட்டகை

“அவுக ஊர்ல இல்லைய்யா. ஆனைக்குட்டத்துல அவுக அக்கா வீட்டுக்குப் போயிருக்காக.”

வாசலை மறித்து நின்ற வேலுத்தாயின் கையில் அரிவாள் இருந்தது. எதிரே சுகாதார இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் நின்றார்கள். தெருவில் ஒரு மாட்டுவண்டி காத்திருந்தது.

“பொய் சொல்லாதம்மா. உன் புருசனுக்கு அம்மை போட்டிருக்கு. அம்மை கண்ட ஆளை வீட்டுல வச்சிருக்கக் கூடாது, கொட்டகைக்குக் கொண்டுபோயிரணும். சட்டம் தெரியும்ல?”

தெரியும். ஐம்பத்தெட்டாம் வருஷப் பங்குனி அது. எம். புதுப்பட்டியில் தெருவுக்கு நாலு வீட்டில் அம்மை. வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று வாசலில் வேப்பிலைகூடச் செருகாமல், தீப்பெட்டிக் கம்பெனிக்கும் போகாமல், புருசன் ஆண்டிச்சாமியை உள்ளறையில் ஒளித்து வைத்திருந்தாள்.

“போன வருசம் என் அண்ணனையும் இப்படித்தான் தூக்கிட்டுப் போனீக. செத்துட்டான்னு சேதிதான் வந்துச்சு. மொகத்தைக் காட்டுனீகளா? எங்கன எரிச்சோம்னாவது சொன்னீகளா? எங்க ஆளு எங்கன கெடந்து சாகணும்னுகூட கவர்மெண்டுதான் சொல்லணுமா?”

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “உத்தரவும்மா” என்றார். போலீஸ்காரர்கள் பக்கம் திரும்பி, “பின்பக்கமாப் போங்க” என்றார்.

வேலுத்தாய் அசையவில்லை. பின்கதவை விடியும்போதே தன் கையால் தாழ் போட்டிருந்தாள். உடைத்துத்தான் வரவேண்டும்.

உடைக்கிற சத்தம் கேட்கவே இல்லை. உள்ளறையில் பூட்ஸ் சத்தம்தான் கேட்டது.

அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினாள். உடம்பெல்லாம் முத்து நிறைந்து கிடந்தவனைப் பாயோடு தூக்கிக்கொண்டிருந்தார்கள். பாயைப் பிடித்து இழுத்தாள். முடியாமல் காலில் விழுந்தாள்.

“ஆத்தா எறங்குற மட்டும் விட்டு வைங்கய்யா. நான் பாத்துக்கிடுறேன். செத்தாலும் என் மடியில சாகட்டும்யா!”

தொட்டிலில் கைக்குழந்தை வீறிட்டது. பக்கத்து வீட்டு ஞானசுந்தரி ஓடிவந்து அதைத் தூக்கிக்கொண்டாள்.

அவளைக் கண்டதும் வேலுத்தாய்க்கு வெறி வந்துவிட்டது. “நீதானடி காட்டிக் குடுத்தே! இந்த வீட்டுக்குள்ள வந்து பாத்தவ நீ ஒருத்திதான். என் தாலிய அறுக்கவா கஞ்சி கொண்டாந்து குடுத்தே? நீ வெளங்குவியா?”

மண்ணை வாரி அவள் மேல் தூற்றினாள். ஞானசுந்தரி குழந்தையின் தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டபடி அழுதாள்.

ஆண்டிச்சாமியை வண்டியில் வைக்கோல் மேல் கிடத்தினார்கள். வண்டி நகர்ந்தது. வேலுத்தாய் வண்டியின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, தலைவிரி கோலமாகக் கூடவே நடந்தாள். விட மாட்டாள் என்று தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

ஆண்டிச்சாமியின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. தொண்டையிலும் முத்து, பேச்சு எழும்பவில்லை. உதடு அசைவதைக் கண்டு அவள் காதை அருகே கொண்டுபோனாள்.

“அவளை வையாத, வேலு. பச்சப்புள்ளைக்கு ஒட்டிரக் கூடாதுல்ல...”

மூச்சு வாங்கியது. பிறகு சொன்னான்:

“பின்கதவுத் தாழை எடுத்ததும் நாந்தான். சேதி சொல்ல அவளை அனுப்புனதே நாந்தான்.”