சூறைவேந்தனின் கால்

வானொலி நாடகத்தில் பதினோரு வருஷம் பூதங்களை வெட்டிச் சாய்த்த சூறைவேந்தன், சினிமாத் திரையில் பூனைபோல ஓசையில்லாமல் நடந்து வந்ததும் பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாடகத்தில் அவன் வருகிறான் என்றால் முதலில் ‘டக், டக்’ என்றுதான் கேட்கும். ஞாயிறு மதியம் அந்தச் சத்தம் கேட்டதும் குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, சின்ன வயதிலேயே சூம்பிப்போன தன் இடக்காலை இழுத்துக்கொண்டு வந்து உட்காருவாள்.

“இவன் இல்லைங்க அவன்! நொண்டிக்கால் எங்க? கால் விளங்காத ஒருத்தன் ஜெயிச்சா இவங்களுக்கு ஆகாதா?” என்று இருட்டில் சீறினாள்.

முன்வரிசையிலிருந்து யாரோ ‘ஷ்ஷ்’ என்றார்கள்.

அவளைவிடக் கொதித்துப்போயிருந்த கணவர் அந்தோணிராஜ் திரும்பினார். “நொண்டிக்காலா? அது இடுப்பு வாள் தொடையில இடிக்கிற சத்தம்டி. அந்த வாளையே காணோமேன்னுதான் எனக்கு வயிறு எரியுது.”

நாடகத்தில் சூறைவேந்தன் மலை ஏறிய வாரமெல்லாம், அந்தக் காலோடு ஏறுகிறானே என்று அவள் அழுதிருக்கிறாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பிலோமினா திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள்.

“அப்போ இத்தனை வருஷமா என் பக்கத்துல உக்காந்து, நீங்க யாரைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?”