காயாத பெயின்ட்

தீவுக்குப் போய்வரும் பயணிகள் படகில் ஓர் உயிர்காப்பு வளையம் தொங்கியது. வருஷா வருஷம் சோதனைக்கு முன் அதற்குப் பெயின்ட் அடிப்பார்கள். தண்ணீரில் மட்டும் அது இறங்கியதே இல்லை.

அன்றும் பெயின்ட் அடித்திருந்தார்கள். மூடுபனிக்குள்ளிருந்து, "காப்பாத்துங்க!" என்று கடலில் ஒரு குரல்.

"குதிடா, உன்னைத்தான் கூப்பிடுறாங்க!" என்று படகின் மணி பதறியது.

"பெயின்ட் காயலேண்ணே. நாளைக்கு ஆபீசர் வர்றாரு. அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்க" என்றது வளையம்.

"ஆள் போயிருவாண்டா!"

ஐந்து நிமிஷத்துக்குள் குரல் நின்றுவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் வளையம் காய்ந்தது.

மறுநாள் ஆபீசர் பளபளப்பைப் பாராட்டிக்கொண்டே அதைத் திருப்பினார். பின்பக்கப் பெயின்ட்டில் ஐந்து விரல்கள் இறுகப் பற்றிய தடம் காய்ந்திருந்தது.

'என்னை யாருமே தொடவில்லையே' என்று வளையம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தடத்திலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டத் தொடங்கியது.