பத்தாம் நாள்

மதுக்கரைப் பள்ளியின் ஜன்னல் வழியே சிமெண்ட் தூசி வெயிலோடு வந்து இறங்குகிறது. பொற்கொடி டீச்சரின் பிரசவ லீவுக்கு மூன்று மாதம் பாடம் எடுக்க வந்த மெர்சி, பத்தாம் நாளான இன்றுதான் வரி கோணாமல் கரும்பலகையில் எழுதுகிறாள். வாசலில் பொற்கொடியே வந்து நிற்கிறாள். “ஊட்ல இருக்க முடியலீங்க மெர்சி. கொழந்தை தங்கலீங்க. இனி நானே எடுத்துக்கறேன்,” என்கிறாள், பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில். மெர்சிக்கு வேலை இன்றோடு சரி. அவள் கையில் சாக்பீஸ் பாதிதான் தேய்ந்திருக்கிறது. “பாப்பாவக் கூட்டிட்டு வரலீங்களா டீச்சர்?” முன்பெஞ்சிலிருந்து ரம்ஷா கேட்கிறாள். பொற்கொடியின் ரவிக்கையில் பால் கசிந்து வட்டமாகப் பரவுகிறது. அதைப் பார்த்த மெர்சி, வருகைப் பதிவேட்டை எடுத்து நீட்டுகிறாள். பொற்கொடி அதை மார்போடு இறுக்கிக்கொண்டு, திறக்காமலே, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடத் தொடங்குகிறாள்.