பேனரின் ஓரம்

படப்பை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கடையில் சந்திரிகா நிற்கிறாள். கண்ணீர் அஞ்சலி பேனர்கள்தான் அவளுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி. யார் யார் சாவையோ படமெடுத்துத் திரிந்தவளின் போனில், காலையில் செத்துப்போன அப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான். அதில், மகள் படமெடுக்கும்போது காற்றில் ஆடிவிடக் கூடாதென்று ரோட்டோரப் பேனர் ஒன்றின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். "வேற போட்டோ இல்லியாக்கா?" என்கிறான் கடைக்காரன் தீனா. "ஆதார்ல இருக்கறது அவர் மாதிரியே இல்ல" என்கிறாள். மவுஸ் நகர நகர, அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தப் பேனரில் இருந்த யாரோ ஒரு பெரியவரின் முகமும் மாலையும் அழிகின்றன. "கை பேனர புடிச்சிகினு கீதுக்கா. வெட்டிடறேன்." அவள் தலையாட்டுகிறாள். "மேகம், புறா?" எல்லாச் சாவுக்கும் ஒரே மேகமா என்று கட்டுரையில் கேலி செய்தவள், "போடுங்க" என்கிறாள். மெஷினிலிருந்து நெற்றி முதலாக அப்பா மெல்ல மெல்ல இறங்குகிறார். மை வாடை அடிக்கிறது. தீனா பேனரை வாசல் கம்பியில் காயக் கட்டுகிறான். லாரி ஒன்று கடக்கிறது. பேனர் படபடவென்று அடித்துக்கொள்கிறது. சந்திரிகா ஓடிப்போய் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். அங்கிருந்து அப்பாவின் முகம் தெரியவில்லை. படமெடுக்க ஆளில்லாத ரோடுதான் தெரிகிறது.