ஆஷ்பி அம்மாவின் யோசனைகள்

அவமானப்படுத்தப்பட்டவள் சார்ஜென்ட் ஜோலீன். பன்னிரண்டு வருஷமாக ராணுவத்தில் இருப்பவள். அவமானப்படுத்தியது அந்த முகாமே. எப்படி என்றால், அவள் குத்துக்கல்லாக நின்றுகொண்டிருக்க, எல்லாரும் அவள் புருஷனுக்குக் கை கொடுத்தார்கள்.

அவளுக்குக் கோபமே வரவில்லை என்பதுதான் தங்கை கிரெட்டாவால் தாங்க முடியாத விஷயம்.

இன்னும் பத்து நாளில் ஜோலீன் கடல் கடந்து பணிக்குப் போகிறாள். திரும்பி வர ஒரு வருஷமாகும். அதற்குள் மூன்று நாளாவது சேர்ந்து இருக்கலாம் என்று, ராணுவக் குடும்பங்களுக்கான அந்த ஏரிக்கரை முகாமுக்கு தங்கும் வசதியுள்ள வாடகை டிரெய்லரை வண்டியில் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா, அத்தான் வெஸ்லி, நாலு வயசு பெக்கி, கூடவே கல்லூரிக்கு மட்டம் போட்ட கிரெட்டா.

வந்து இறங்கியதுமே, தூண்டிலோடு போன ஒருவர் வெஸ்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாட்டுக்காக உழைக்கிறீங்க, ரொம்ப நன்றி தம்பி. எந்தப் பிரிவு?"

"ரொட்டிப் பிரிவு சார். பேக்கரில மாவு பிசையறேன்."

ரகசியப் பணி என்று நினைத்தாரோ என்னவோ, மனிதர் கண்ணடித்துவிட்டுப் போனார்.

அவரைக்கூட மன்னித்துவிடலாம். பக்கத்து இடத்து ஆஷ்பி அம்மாவை முடியாது.

அவர்கள் டிரெய்லர் வாசலில் 'கர்னல் ஆஷ்பி' என்று ஒரு மரப்பலகை தொங்கியது. அந்த அம்மாவின் புருஷன், பெரியவர் எர்வின், எந்நேரமும் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் கர்னல் சார்!" என்றாள் கிரெட்டா, முதல் நாளே.

அவர் சிரித்தார். "மீன் சாப்பிடறியாம்மா?"

என்ன எளிமை! பதவியின் திமிர் துளிகூட இல்லையே என்று கிரெட்டா உருகிப்போய் மூன்று துண்டு சாப்பிட்டாள்.

அந்த அம்மா அப்படியில்லை. விடிந்தால் யோசனை, மதியம் யோசனை. அத்தனையும் வெஸ்லிக்கு.

"தம்பி, வண்டியைப் பின்னால எடுக்கறப்ப கண்ணாடியை மட்டும் நம்பாதீங்க. இறங்கிப் பார்த்துட்டு ஏறுங்க."

"தம்பி, கழிவுக் குழாயில கை வைக்கறதுக்கு முன்னாடி கையுறை. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

"தம்பி, பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திடணும். அடுத்த வருஷத்துக்கு இடம் வேணும்னா இப்பவே போன் பண்ணி வெச்சிடுங்க."

ஜோலீன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி பக்கத்திலேயே நிற்பாள். அவள் பக்கம் அந்த அம்மா திரும்புவதே இல்லை. இவளோ முதுகை நிமிர்த்தி, "ரொம்ப நன்றி மேடம்" என்கிறாள்!

"எதுக்குக்கா அந்தம்மாவுக்கு இவ்வளவு மரியாதை? உன்னை ஒரு ஆளாவே மதிக்கலை."

"விடுடி. உங்க அத்தான் கத்துக்கட்டும்."

இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, கொடி இறக்கும்போது ஊதும் பியூகிள் என்ற ஊதுகொம்பு ஒலித்தது. முதல் சுரத்திலேயே ஜோலீன் வாளியைக் கீழே வைத்தாள். கொடி இருந்த திசைக்குத் திரும்பி, மார்பில் கைவைத்துச் சிலையானாள். வெஸ்லி என்ன செய்வதென்று தெரியாமல், தண்ணீர் பீய்ச்சும் குழாயோடு ஒரு முழுச் சுற்று சுற்றினான். நனைந்தது கிரெட்டாதான்.

இசை முடிந்ததும் ஆஷ்பி அம்மா ஆரம்பித்தாள்.

"தம்பி, பியூகிள் கேட்டதும் கையில இருக்கறதைக் கீழ வெச்சிடணும். தொப்பியைக் கழற்றணும். கொடியைப் பார்த்து..."

"போதும்!"

சொட்டச் சொட்டக் கிரெட்டா முன்னால் வந்தாள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிரெட்டா விடவில்லை.

"ராணுவம்னாலே ஆம்பளைதானா? இதோ நிக்கிறாளே, இவதான் சார்ஜென்ட்! இவர் மாவு பிசையறவர்! ரெண்டு நாளா நீங்க தப்பான ஆளுக்கு மரியாதை பண்ணிட்டிருக்கீங்க. ஒரு பொம்பளையே இன்னொரு பொம்பளையை இப்படி ஒதுக்கலாமா? கர்னல் பெண்டாட்டின்னா யாரை வேணா அலட்சியம் பண்ணலாம், இல்ல?"

கிரெட்டா பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க, கர்னல் சார்!"

எர்வின் மீனைத் திருப்பிப் போட்டார்.

"ராணுவ விஷயம் எனக்கென்னம்மா தெரியும்? நான் முப்பது வருஷம் தபால்காரனா இருந்தவன்."

கிரெட்டா பலகையைப் பார்த்தாள். எர்வினைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஆஷ்பி அம்மாவைப் பார்த்தாள்.

"அதைத்தான்டி சொல்ல வந்தேன்" என்று முணுமுணுத்தாள் ஜோலீன்.

ஆஷ்பி அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க அக்கா யாருன்னு வந்து இறங்கின அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. துணி துவைக்கற இடத்துல அவதான் கேட்டா, 'நான் போனப்புறம் குழந்தையோட இவர் தனியா வரணும், கொஞ்சம் சொல்லிக் குடுங்க மேடம்'னு. தெரிஞ்சவளுக்கு எதுக்கு யோசனை? தெரியாதவருக்குத்தானே வேணும்?"

கிரெட்டா நனைந்த சட்டையைப் பிழிய ஆரம்பித்தாள். ஆஷ்பி அம்மா தொடர்ந்தாள்.

"நான் முதல் தடவை போர்முனைக்குப் போனப்ப, எர்வினும் ரெண்டு குழந்தைங்களோட தனியா இந்த ஏரிக்குத்தான் வந்தார். கையுறை இல்லாம கழிவுக் குழாயைப் பிடுங்கி..."

"அந்தக் கதை வேண்டாமே" என்றார் எர்வின், அடுப்படியிலிருந்து.

"சரி, வேண்டாம். ஆனா அன்னிக்கு ஒருத்தர்கூட 'தம்பி, இப்படிச் செய்'னு இவருக்குச் சொல்லித் தரலைம்மா. பலகையில 'கேப்டன் ஆஷ்பி'ன்னு இருந்ததைப் பார்த்துட்டு, எல்லாரும் 'வணக்கம் கேப்டன் சார்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. உன்னை மாதிரியே!"