கறை போகிற மெஷின்

“இது ஆவியா? டீக்கடை பாய்லர்ல இதைவிட ஜாஸ்தி வருமே” என்றான் மொட்டைத்தலைக்காரன்.

சக்கரவர்த்திக்குச் சுருக்கென்றது. கார் சாமான் விற்கிற அவருடைய கடையில், சீட்டை ஆவியால் சுத்தம் செய்யும் மெஷின்கள் மூன்று வந்த நாளிலிருந்து விலை போகாமல் உட்கார்ந்திருந்தன. இந்த மாதமும் ஒன்றாவது விற்காவிட்டால் ஏஜென்சியைச் செங்கம் ரோட்டுக் கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவதாகக் கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வந்தவன் பெயர் திருமலையாம். வேங்கிக்காலில் புதிதாக வாட்டர் சர்வீஸ் போடப் போகிறானாம். மொட்டை நேற்றுப் போட்டதுபோல் இருந்தது. மீசையையும் வழித்திருந்தான், தலையில் துளி சந்தனம் இல்லை. சாமிக்கு முடியைக் கொடுத்துவிட்டுச் சந்தனத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்கிறவனிடம் என்னத்தை வியாபாரம் செய்வது என்று சக்கரவர்த்தி மனதுக்குள் பொருமினார்.

“அது வீட்டு உபயோகத்துக்குங்க. தொழிலுக்கு இதைப் பாருங்க” என்று சிவப்பு மெஷினை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே நின்ற தன் பழைய அம்பாசடரின் கதவைத் திறந்து சீட்டில் ஆவியைப் பாய்ச்சினார். வருஷக்கணக்கான அழுக்கு பழுப்பாகக் கரைந்து வழிந்தது.

திருமலை உள்ளங்கையால் சீட்டை அழுத்திப் பார்த்தான். “ஈரம் உள்ள நிக்குது. ரெண்டு நாள்ல நாறும். வண்டிக்காரன் என்னைத்தான் செருப்பால அடிப்பான்.”

“அப்ப பெரிய மெஷினை எடுத்துக்குங்க. பிரஷர் ஜாஸ்தி, தண்ணி கம்மி. சீட்டு சீக்கிரம் காஞ்சிடும்.”

“உங்க வாயால சொன்னா காஞ்சிடுமா?”

சக்கரவர்த்திக்குக் காது மடல் சூடானது. கடைக்கு வருகிறவன் எவனும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. நீல நிற மெஷினை இழுத்து வந்து, முன்சீட்டு முழுவதையும் தன் கையாலேயே சுத்தம் செய்து காட்டினார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. திருமலை கைகளைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

“வெறும் தூசி போனதைப் பெருசாக் காட்டறீங்க. கிரிவலம் வர்றவங்க வண்டியில விபூதி, நெய்யி, புள்ளைங்க வாந்தினு எல்லாம் இருக்கும்.”

“எல்லாம் போகும்.”

“ரத்தம்?”

“அதுவும் போகும்.”

“பொய் சொல்லாதீங்க. ரத்தத்துல சூடு பட்டா இன்னும் கெட்டியாப் புடிச்சுக்கும். இதுகூடத் தெரியாம மெஷின் விக்க வந்துட்டீங்க.”

அவ்வளவுதான், சக்கரவர்த்தியின் பொறுமை போய்விட்டது. ஏஜென்சி போனாலும் போகட்டும், இவன் திமிரை அடக்காமல் அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

“யாருக்குங்க தெரியாது? மொதல்ல உப்புப் போட்ட பச்சத்தண்ணியில ஊற வெச்சு ஒத்தி எடுக்கணும். அதுக்கப்புறந்தான் ஆவி. போன பௌர்ணமிக்கு மறுநாள் காலையில ஒரு வெள்ளை சுமோ வந்துச்சு. பின்சீட்டு பூரா ரத்தம். கதவு இடுக்கு, கீழ விரிச்ச மேட்டு, ஒரு எடம் பாக்கியில்லை. இதே மெஷின்ல நானே எடுத்தேன். இன்னிக்குப் போய்ப் பாருங்க, ஒரு பொட்டுக் கறை இருந்தா என் மீசைய எடுத்துடறேன்.”

திருமலை அந்த மீசையையே பார்த்தான். “அவ்ளோ ரத்தம் எப்படி வந்துச்சாம்?”

“குலசாமிக்குக் கிடா வெட்டி, அப்படியே வண்டியில போட்டு எடுத்தாந்தாராம்.”

“சும்மா கதை விடாதீங்க. வண்டிக்காரர் பேரைச் சொல்லுங்க, நானே கேட்டுக்கறேன்.”

“தாராளமாக் கேளுங்க. போளூர் ரோட்டு ரைஸ்மில் சின்னசாமி.”

“அவர்தானா? வேற எவனோ கொண்டாந்து விட்டதை அவர் தலையில கட்டறீங்களா?”

“எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? அவரே ஓட்டிட்டு வந்தார். தையல் ஓரத்துலகூட ஒண்ணும் தெரியக்கூடாதுனு பக்கத்துலயே நின்னு செய்ய வெச்சார். முடிஞ்சதும் கையப் புடிச்சு, தொழில்காரன்யா நீனு சொல்லிட்டுப் போனார்.”

திருமலை கட்டியிருந்த கைகளை இறக்கினான். மடக்கிவிட்டோம் என்று சக்கரவர்த்திக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இனி பில் போட வேண்டியதுதான் என்று மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

“இதையே நாலு பேருக்கு முன்னாடி சொல்வீங்களா? இல்ல, அங்க வந்து மாத்திப் பேசுவீங்களா?”

“எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன். எனக்கு எப்பவும் ஒரே பேச்சு.”

“அப்ப சட்டையை மாத்திக்கிட்டு வாங்க. ஸ்டேஷனுக்குப் போகலாம்.”

சக்கரவர்த்தி சிரித்தே விட்டார். “கிடா ரத்தத்தைத் தொடைச்சதுக்கு போலீஸ் ஸ்டேஷன் எதுக்குங்க?”

“அது கிடா இல்லைங்க. ரோட்டுல அடிச்சுட்டு, ஆஸ்பத்திரிக்குனு சொல்லி வண்டியில ஏத்தி, ஏரிக்கரையில தள்ளிட்டுப் போனானே, எங்கம்மா.”